ரத்ததான ஃபார்மில் அந்த நாலு கேள்விகளுக்கு உண்மையைச் சொல்வது எப்படி

ரத்ததான முகாமில் கொடுக்கும் ஃபார்மில் வயது, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சரியாகவே எழுதிவிடுவார்கள். நடுவில் ஒரு பகுதி வரும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உடலுறவு உண்டா, பணம் கொடுத்தோ வாங்கியோ உறவு வைத்துக்கொண்டதுண்டா, பால்வினை நோய் வந்ததுண்டா, போதை ஊசி போட்டதுண்டா என்கிற மாதிரிக் கேள்விகள். அந்த இடம் வந்ததும் பேனா வேகமெடுக்கும். இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று ஒரே இழுப்பாக டிக் போட்டுவிட்டுக் கீழே கையெழுத்து. பத்துப் பன்னிரண்டு வருடமாக முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்து இந்த ஃபார்மை வாங்கி அடுக்குகிறவன் நான், அந்த டிக்குகளைப் பார்த்தாலே கேள்வியைப் படித்துப் போட்டதா படிக்காமல் போட்டதா என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முகாமில் ரத்தம் கொடுத்து முடித்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, இந்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணுவாங்கல்ல?" என்றான். பண்ணுவாங்க தம்பி என்றேன். "அப்ப ஏதாவது இருந்தா தெரிஞ்சிரும்ல?" என்று மறுபடியும் கேட்டான். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு உறைத்தது. வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மெதுவாக விசாரித்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறான், பாதுகாப்பு எதுவும் இல்லை. ஃபார்ம் நிரப்பும்போது கூடப்படிக்கிற மூன்று பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவன் என்ன எழுதுவான்? முகாம் டாக்டரிடம் போய்ச் சொன்னோம், அவர் ஒரு வார்த்தைகூடக் குறுக்குக் கேள்வி கேட்காமல் அந்தப் பையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டார். பையன் கெட்டவன் இல்லை. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை நாமே எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெஸ்ட் பண்ணுவார்களே, அப்புறம் என்ன?

இந்த ஒரு நம்பிக்கைதான் நிறையப் பேரைப் பொய் சொல்ல வைக்கிறது. கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் நம் நாட்டில் ஐந்து தொற்றுகளுக்குச் சோதித்தாக வேண்டும்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. உண்மைதான். ஆனால் ஒரு தொற்று உடம்புக்குள் வந்த நாளும் அது டெஸ்டில் தெரிய ஆரம்பிக்கும் நாளும் ஒன்று இல்லை. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொண்டால், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் டெஸ்டில் அது தெரிய 23 நாளிலிருந்து 90 நாள் வரை ஆகலாம். கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் புதிய வகை டெஸ்டுக்கு 18 முதல் 45 நாள். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் டெஸ்டுக்குக்கூட 10 முதல் 33 நாள் ஆகும், அந்த வசதியும் எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது, சட்டப்படி கட்டாயமும் இல்லை. ஹெபடைடிஸ் பி-க்கும் இதே கதைதான், சிலருக்கு இரண்டு மாதம் வரைகூட டெஸ்டில் அகப்படாது.

அந்த இடைப்பட்ட நாட்களில் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும், ரத்தத்தில் கிருமி இருக்கும். அதைப் பிடிக்க இன்றைக்கு எந்த மெஷினும் கிடையாது, பிடிக்க முடிந்த ஒரே ஆள் ஃபார்மை நிரப்புகிற நீங்கள்தான். ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்கு வரை கொடுக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் போன ஒரு பெண்ணுக்கு அது போகலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் வாழ முடியும் என்கிற தலசீமியா குழந்தைக்கும் போகலாம். அந்தக் குழந்தை ஒரு வருடத்தில் எத்தனை பேருடைய ஃபார்மை நம்பி உயிரோடு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

டெஸ்ட் எடுப்பதற்காக ரத்தம் கொடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். மனதில் ஒரு பயம் இருக்கிறது, லேப்பில் போய்க் கேட்கக் கூச்சம், ரத்தம் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான வழி இதுதான், ஏனென்றால் பயப்படுகிறவர் பெரும்பாலும் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே வருவார், அதாவது டெஸ்டில் தெரியாத அந்த நாட்களில்.

உங்களுக்கான இடம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையம். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், ஆலோசகர் ஒருவர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார். போவதற்கு முன்னால் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097, கட்டணமில்லாத எண். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால் நேராக டாக்டரிடம் ஓடுங்கள், தொற்று பிடிக்காமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்த மாத்திரையோ, முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது. மாத்திரை உங்களைக் காப்பாற்றும், ஆனால் தொற்று ஒருவேளை பிடித்திருந்தால் அது டெஸ்டில் தெரியும் நாளை இன்னும் தள்ளிப்போட்டுவிடும்.

ஃபார்மை நிரப்பும் விதம்

முதலில், உங்கள் ஃபார்மை நீங்களே நிரப்புங்கள். "கொடு மாப்ளே, நான் எழுதித் தரேன்" என்று நண்பன் கேட்டாலும் தராதீர்கள். கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு ஒரு பத்தடி தள்ளிப் போங்கள். கேள்வி இங்கிலீஷில் இருந்து புரியவில்லை என்றால் தமிழ் ஃபார்ம் கேளுங்கள், அது இல்லையென்றால் டாக்டரிடமே படித்துக் காட்டச் சொல்லலாம்.

கேள்வியை உங்கள் வசதிக்கு வளைத்துப் படிக்கக் கூடாது. "காண்டம் போட்டிருந்தேன், அதனால் இது கணக்கில் வராது", "அது ஒரே ஒரு தடவைதான்", "தெரிந்த பெண்தான்", "பணம் எதுவும் கொடுக்கவில்லை, பரிசுதான் வாங்கிக் கொடுத்தேன்" என்றெல்லாம் மனசு வழக்காடும். கணக்கில் வருமா வராதா என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை, நடந்ததைச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. எல்லா ஆமாமும் வாழ்நாள் தடை ஆகிவிடாது, சிலவற்றுக்குக் குறிப்பிட்ட காலம் காத்திருந்தால் போதும். பச்சை குத்தியது, காது மூக்கு குத்தியது எல்லாம் அந்த வகைதான்.

வாயால் சொல்ல வராது என்றால் எழுதிக் காட்டுங்கள். எழுதவும் வராது என்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "சார், இன்னைக்கு நான் ரத்தம் கொடுக்காம இருக்கறது நல்லது" என்ற ஒரு வரி போதும், பெண் டாக்டர் என்றால் மேடம். அனுபவமுள்ள எந்த டாக்டருக்கும் அது விளங்கிவிடும், காரணத்தைத் துருவ மாட்டார், ஃபிட் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார். நான் பார்த்தவரை, அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவரைப் பற்றி டாக்டர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

திருமணமான பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேள்வி உங்களைப் பற்றி மட்டும் இல்லை, உங்கள் கணவருக்கு வெளியே உறவு இருக்கலாம் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதுவும் அந்தக் கேள்விக்குள் வருகிறது. குடும்ப மானம் என்று அதை விழுங்கிவிட்டு டிக் போடாதீர்கள் அக்கா. டாக்டரிடம் சொல்லும் விஷயம் அந்த நாற்காலியைத் தாண்டிப் போகக் கூடாது, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்க அதுவே வாய்ப்பாகவும் இருக்கும்.

கூட ஆள் இருக்கும்போது நழுவுவது எப்படி

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். முகாமாவது பரவாயில்லை, நமக்கு விருப்பம் இல்லையென்றால் போகாமல் இருந்துவிடலாம். பெரியப்பாவுக்கு ஆபரேஷன், நாளைக் காலையில் இரண்டு யூனிட் கட்ட வேண்டும், வீட்டில் தடியாட்டம் இருக்கும் வாலிபன் நீ ஒருத்தன்தான் என்று சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரும் சுற்றி நின்று பார்க்கும்போது என்ன செய்வது? ரத்தம் கொடுக்காமல் விட்டால் "சொந்த ரத்தத்துக்கே உதவாதவன்" என்ற பெயர். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசமான பெயர்.

காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்தார்கள். காசு தேவைப்படுகிறவர் தன் வியாதியை மறைப்பார் என்பது அதற்கு முக்கியமான காரணம். சொந்தக்காரர்கள் நெருக்குவதும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது, இங்கே காசுக்குப் பதிலாக மானம்.

அதனால் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருப்பது ஃபார்முக்கும் டாக்டருக்கும். மாமாவுக்கு இல்லை. மாமாவிடம் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தலை சுற்றுகிறது, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். எனக்கு அதில் எந்தக் குற்றவுணர்வும் இல்லை. அதுவும் முடியாது, இழுத்துக்கொண்டே வந்துவிட்டார்கள் என்றால் ரத்த வங்கி வரைக்கும் கூடப் போங்கள், டாக்டர் அறைக்குள் தனியாகத்தான் விடுவார்கள், விடவில்லை என்றால் "கொஞ்சம் தனியா பேசணும்" என்று கேளுங்கள். உள்ளே மேலே சொன்ன அந்த ஒரு வரி. வெளியே வந்து "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார் மாமா" என்றால் அது பொய்கூட இல்லை. ஏன் வேண்டாம் என்று மாமா உள்ளே போய்க் கேட்டால் டாக்டர் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. சம்பந்தமான தகவலை வெளியே சொல்வதை 2017-இல் வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டமே தடுக்கிறது.

அதற்குப் பிறகு சும்மா நிற்காதீர்கள். பத்துப் பேருக்கு போன் போட்டு வேறு ஆளைப் பிடித்துக் கொடுங்கள், வண்டியில் கூட்டிவந்து இறக்குங்கள். பெரியப்பாவுக்கு அன்றைக்கு வேண்டியது ரத்தம், அது உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

ரத்த வங்கி சில இடங்களில் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ரத்தம் எடுத்த பிறகு தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து, இந்த ரத்தத்தை நோயாளிக்குப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்று ரகசியமாகக் குறித்துப் போடச் சொல்வார்கள். நண்பர்களுக்காகப் படுத்து ரத்தம் கொடுத்தே ஆக வேண்டியதாகிவிட்டது என்றால் அந்தச் சீட்டில் வேண்டாம் என்று குறித்துவிடலாம். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

"எங்களை ஏன் அறவே வேண்டாம் என்கிறார்கள்?"

தேசிய ரத்த மாற்றுக் குழு 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் பலரோடு உறவு உள்ளவர்கள், பெண் பாலியல் தொழிலாளர்கள், போதை ஊசி போடுகிறவர்கள் ஆகியோரோடு திருநர்களையும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களையும் சேர்த்து, ரத்தம் கொடுக்க முடியாதவர்கள் என்று வைத்திருக்கிறார்கள். பத்து வருடமாக ஒரே துணையோடு வாழும் ஓர் ஆணுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று என் நண்பர் ஒருவர் மூலமாகவே எனக்குத் தெரியும். இதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கை ஒருவர் 2021-இல் உச்ச நீதிமன்றம் போனார். அதே வருடம் பிரிட்டனும், 2023-இல் அமெரிக்காவும் ஆள் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும் முறைக்கு மாறிவிட்டன. இங்கேயும் அப்படி மாற வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன், அதற்காகக் குரல் கொடுப்பவர்களோடு நிற்கிறேன்.

ஆனால் விதி மாறும் வரை ஃபார்மில் பொய் டிக் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. உங்கள் ஒருவருடைய விஷயத்தில் ஆபத்து இல்லாமலேகூட இருக்கலாம், இருந்தாலும் ஃபார்மில் வரும் பதிலை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் நாளைக்கு விதியை மாற்றச் சொல்லிக் கேட்கும்போது அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு

கல்லூரியோ, நற்பணி மன்றமோ, தலைவர் பிறந்தநாளோ, யார் நடத்தினாலும் இதைக் கேளுங்கள். நூறு யூனிட் சேர்த்துக் காட்டுகிறோம் என்று மைக்கில் சவால் விடாதீர்கள், அந்த எண்ணிக்கைக்காகத்தான் தயங்குகிறவனைப் பிடித்துத் தள்ளுகிறோம். ஃபார்ம் நிரப்பும் இடத்தில் நாற்காலிகளை ஒன்றையொன்று பார்க்காத மாதிரி தள்ளித் தள்ளிப் போடுங்கள். டாக்டர் மேசையை ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள், திரை கிடைக்கவில்லை என்றால் வேட்டியைக் கட்டினாலும் போதும், நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். திரும்பி வருகிறவனிடம் ஏண்டா கொடுக்கலை என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

இன்னொன்று, சான்றிதழும் ஜூஸும் பிஸ்கட்டும் ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். வந்த எல்லாருக்கும் கொடுங்கள். கையில் சான்றிதழ் இல்லாமல் வெளியே வருகிறவன் யார் என்று கூட்டம் முழுக்கப் பார்க்கிறது, அந்தப் பார்வைக்குப் பயந்தே படுத்துக் கையை நீட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கொடுத்த பிறகு நினைவு வந்தால்

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்திருந்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததும் அவராகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பே அவர் ஒரு முறை ரத்தம் கொடுத்தபோது தொற்று தெரிந்திருந்தும் அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. அந்த மாதமே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவர் செய்தது சரியான காரியம், செய்ய வேண்டிய காரியம், அதைச் செய்தவரை நாம் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. இருந்தால் வாழ்க்கை முடிந்தது என்று இன்னமும் நினைக்கிறவர்களுக்கு: கூட்டு மருந்து சிகிச்சை 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, தாம்பரம் மருத்துவமனையில் முதல் நாட்களிலேயே ஆரம்பித்தார்கள், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, வயதாகும் வரை வாழ்கிறார்கள்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஃபார்மில் உங்கள் சொந்த போன் நம்பரையும் சரியான முகவரியையும் எழுதுங்கள், அப்பா நம்பரையோ விடுதி நம்பரையோ எழுதாதீர்கள். பரிசோதனை முடிவில் ஏதாவது இருந்தால் தெரிவிக்கலாமா என்ற இடத்தில் ஆமாம் போடுங்கள். போன் மாற்றினால் ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரத்தம் கொடுத்து முடித்ததும் உங்கள் யூனிட் எண்ணையும் ரத்த வங்கியின் போன் நம்பரையும் கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மனசு உறுத்தினாலோ, ஃபார்மில் மறைத்தது பாரமாக இருந்தாலோ, ஒரு வாரத்தில் காய்ச்சலோ அந்தரங்க உறுப்பில் புண்ணோ வந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள். தட்டணு ஐந்து நாளில் போய்விடும், ஆனால் சிவப்பணு ஒரு மாதத்துக்கு மேலும் பிளாஸ்மா அதற்கும் அதிகமான காலமும் அங்கேயே இருக்கும், ஆகவே பல நாள் கழித்துக் கூப்பிட்டாலும் எதையாவது காப்பாற்ற முடியும். போனில் கதை எதுவும் சொல்ல வேண்டாம். இத்தனாம் தேதி கொடுத்தேன், யூனிட் எண் இது, இந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள். எடுத்தவர் ஏன் என்று கேட்டால் டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, எண்ணை இன்னொரு முறை நிதானமாகப் படித்துக் காட்டி, அவர் எழுதிக்கொண்டாரா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.